சந்தனம் பூசிய மூடி

எனக்குக் கார் தெரியும் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம். உண்மையில் எனக்கு ஓட்ட மட்டும்தான் தெரியும். (அதையும் என் மாமா ஒத்துக்கொள்ள மாட்டார்.)

2008-ல் கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். அதற்கு முன்பே நான்கு வீடுகளில் பஜ்ஜி தின்றுவிட்டு, "கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்ற பதிலோடு திரும்பியிருந்தேன். ஐந்தாவதும் கைவிட்டுப் போனால் அம்மா படுத்துவிடுவாள் என்ற நிலைமை. அதனால்தான் தாய்மாமா, முந்தின நாள் வாங்கிய பழைய டீசல் காரை என்னிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தார். பின்சீட்டில் அம்மாவும் பழத்தட்டும்.

முதலில் திருவந்திபுரத்தில் வண்டிக்குப் பூஜை. பட்டர் கண்ணாடியில் பொட்டு வைத்துக் கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. பானெட்டைத் திறந்து, மீதிச் சந்தனத்தை உள்ளே கண்ணில் பட்ட அத்தனை மூடிக்கும் அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். மாமாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆலப்பாக்கம் தாண்டியதும் டேஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது.

"என்னாடா அது?"

"கூலன்ட் கம்மி மாமா, இன்ஜின் சூடாவுது. தண்ணி ஊத்தினா அணைஞ்சிடும்."

இறங்கி ஒரு மூடியைத் திறந்து, அம்மா குடிக்க வைத்திருந்த பாட்டிலைக் கவிழ்த்தேன். அணையவில்லை. புதுச்சத்திரம் டீக்கடையில் இன்னொரு பாட்டில். அதற்கும் அணையவில்லை. "கொஞ்சம் ஜாஸ்தி குடிக்குது மாமா" என்று நிபுணர் கருத்து வேறு சொன்னேன். நின்று நின்று, உருட்டி உருட்டி, அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போனபோது ராகு காலம் பிறக்கக் கால் மணிதான் இருந்தது.

பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டையில் வாசலுக்கே வந்தார். "வாங்க தம்பி, வாங்க."

"சார், ஒரு குடம் தண்ணி கிடைக்குமா?"

"அவ்ளோ தாகமா?"

குடம் வந்தது. பாதி ஊற்றுவதற்குள் வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடியது.

"மாமா, டேங்க் ஓட்டை!"

"நேத்துதான்டா வாங்கினேன்!" மாமாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

விளக்கு என்ன சொல்கிறது என்று பார்க்க, உள்ளே பாய்ந்து சாவியைத் திருப்பினேன். பதற்றத்தில் கை ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த ஏதோ ஒரு கம்பியை இழுத்தது. பானெட்டுக்குப் பக்கத்தில் குனிந்திருந்த பெண்ணின் அப்பா மேல் இரண்டு தாரையாகத் தண்ணீர் பீய்ச்சியது. வெறும் தண்ணீர் இல்லை, நான் அப்பிய சந்தனம் மூடி திறந்தபோதெல்லாம் உள்ளே உதிர்ந்து கரைந்த தண்ணீர். வெள்ளைச் சட்டை மஞ்சளானது. ஐந்தாவது இடமும் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டது. தட்டோடு உள்ளே காத்திருக்க வேண்டிய தேன்மொழி வாசலில் நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இறங்கி வந்து, பழைய துணியால் மூடியில் இருந்த சந்தனத்தைத் துடைத்தாள். கீழே வைப்பர் படம்.

"இது கண்ணாடி கழுவுற தண்ணிங்க. ரொம்பி வழியுது, ஓட்டையெல்லாம் இல்ல." அடுத்த மூடியையும் துடைத்தாள். "இதான் நீங்க தேடுனது. இப்பத் தொறக்காதீங்க, கொதிக்கும். ஆறட்டும். அதுவரைக்கும் உள்ள வந்து பஜ்ஜி சாப்பிடுங்க."

அவமானத்தோடுதான் பஜ்ஜி தின்றேன். ஆனாலும் அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. ராகு காலம் முடிந்தது, இன்ஜினும் ஆறியது. "கலந்து பேசிட்டு..." என்று அவள் அப்பா ஆரம்பித்தார்.

"எதுக்குப்பா? எனக்குப் புடிச்சிருக்கு" என்றாள்.

இன்றும் மிக்ஸியோ டிவியோ மக்கர் பண்ணி, "எனக்குத் தெரியும், விடு" என்று நான் எழுந்தால் போதும். "மொதல்ல சந்தனத்தத் தொடைச்சிட்டுப் பாருங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். மாமனாரோ, நான் ஸ்டியரிங் பிடித்திருந்தால், வண்டியைப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்துதான் ஏறுவார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் கையில் குடையும் இருக்கும்.