கொடையாளர் தேர்வில் ஒருவரும் தேறவில்லை

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

உங்கள் தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் வலது முழங்காலைத் தவிர யாவரும் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் அத்தானின் கோபமும் ஓர் அளவுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் போனில் நான் பாதி சொல்வதற்குள் நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிடுவீர்கள். ஆகவே எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கோபப்படவும்.

விஷயம் என் மகளைப் பற்றியது. கல்யாணம் வேண்டாம், குழந்தை மட்டும் போதும் என்று அவள் முடிவெடுத்தது உங்களுக்குத் தெரியும். காது கேட்கும் கருவி பொருத்துகிற வேலையில் இருக்கிறவள், ஊரில் உள்ளவர்கள் காதையெல்லாம் திறந்துவிடுகிறாள், என் பேச்சு மட்டும் அவள் காதில் ஏறுவதில்லை. இனியும் தள்ளிப்போட்டால் கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்கு முதல் வேலையாக விந்தணுக் கொடையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சொல்லை அக்காவுக்கு எழுதக் கை கூசுகிறது. ஆனால் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது. போன வாரம் பல் டாக்டர், ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று சும்மா கேட்டதற்கு, கொடையாளர் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிறுநீரகம் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டி, தைரியமாக இருங்கள் என்றார்.

நானாகப் போய் இதில் மூக்கை நுழைக்கவில்லை, அக்கா. அவளேதான் கூப்பிட்டாள். லைசென்ஸ் ஆபீசில் இத்தனை வருஷம் டெஸ்ட் எடுத்தவர், ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடைபோடுவீர்கள், வந்து கூட உட்காருங்கள் என்றாள். (தன் லைசென்ஸுக்கு மட்டும் பக்கத்து வட்டார ஆபீசுக்குப் போனவள் இவள்.) அன்றிலிருந்து சாயங்காலம் ஆனால் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய்விடுகிறேன். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைப்பாள். ஆளுக்குப் பெயர் கிடையாது, நம்பர் மட்டும். உயரம், ரத்த வகை, படிப்பு, தாத்தா காலத்து வியாதி எல்லாம் இருக்கும். சின்ன வயசுப் போட்டோ ஒன்று. கடைசியில் அந்த ஆளே கொஞ்ச நேரம் பேசுகிற ஒலிப்பதிவு. அவள் கண்ணை மூடிக்கொண்டு குரலைக் கேட்பாள். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மற்றதைப் பார்ப்பேன்.

ஒருவராவது தேற வேண்டுமே! ஒருத்தர் பொறியாளர், ஆறடி, நல்ல நிறைவான குரல். ஆனால் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லுகிறார். பச்சை விளக்கு விழுவதற்குள் வண்டியை எடுக்கிற ஜாதி. இன்னொருத்தர் ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் தொண்டையைச் செருமுகிறார். இவர் சந்திப்பில் நின்றால் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தே செத்துப்போவான். ஒருத்தர் தனக்குக் கோபமே வராது என்கிறார். அக்கா, கோபமே வராது என்று சொன்ன ஒருத்தரை நான் டெஸ்டுக்கு ஏற்றியிருக்கிறேன், அவர் கியர் விழவில்லை என்று டாஷ்போர்டைக் குத்தினவர். இன்னொருத்தரிடம் குறை சொல்ல ஒன்றுமே கிடைக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

பேப்பரைப் பார்த்து எப்படி அக்கா மார்க் போடுவது? வண்டியில் ஏறினதும் கண்ணாடியைச் சரிசெய்கிறானா, நேரே சாவியைத் திருகுகிறானா, அதைப் பார்த்தால் போதும், மனுஷன் தெரிந்துபோவான். அதனால் மகளிடம் சொல்லாமல் மருத்துவமனைக்கே போனேன். அங்கே ஆலோசகராக இருக்கிற அம்மா ரொம்பப் பொறுமைசாலி. கொடையாளரின் பெயர் வேண்டாம், முகமும் வேண்டாம், தொப்பி போட்டுக்கொண்டு வரட்டும், பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய் வருகிறேன் என்று விளக்கிச் சொன்னேன். அவங்க முதல்ல எனக்குத் தண்ணி கொடுத்தாங்க. அப்புறம், அதற்கு விதியில் இடமில்லை என்றாங்க.

சரி என்று வெளியே வந்தால், பின்வாசல் வழியாக ஒரு வாலிபன் நழுவுகிறான். இடதுபக்கமும் வலதுபக்கமும் பார்த்துக்கொண்டு, கையில் சின்னப் பெட்டி. இவன்தான் கொடையாளர் என்று எனக்குப் பொறிதட்டியது. பின்னாலேயே போனேன். காரில் ஏறினான், கண்ணாடியைத் தொடவே இல்லை, திரும்பியும் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான், பூந்தொட்டி ஒண்ணு காலி. நான் போய் ஜன்னலைத் தட்டி, "தம்பி, உங்க நல்ல மனசு எனக்குப் புரியுது, ஆனா நீங்க பெயில், இனிமே இதுக்காக இங்க வராதீங்க"ன்னு பக்குவமாத்தான் சொன்னேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் விசாரித்தால், அவர்தான் மகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். பெட்டியில் இருந்தது அவருடைய மத்தியானச் சாப்பாடு.

அன்றைக்குச் சாயங்காலம் மகள் லேப்டாப்பைத் திறக்கவில்லை. திட்டவும் இல்லை, அதுதான் பயமாக இருந்தது. தட்டை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "அப்பா, உங்களுக்கு யாருமே தேற மாட்டாங்க. இது வேண்டாம்னு தோணுதுன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. பாவம், முகம் தெரியாதவங்களை எல்லாம் எதுக்குப் பெயிலாக்குறீங்க?"

வேண்டாம்னு இல்லம்மா, பயமா இருக்குன்னேன். எனக்கே தெரியாம வந்துடுச்சு அக்கா. குழந்தைக்கு ராத்திரி காய்ச்சல் வந்தா ஒருத்தி எப்படித் தூக்கிட்டு ஓடுவா? ஒருத்தர் வண்டி ஓட்டணும், ஒருத்தர் குழந்தையை மடியில வச்சுக்கணும் இல்லையா? அவ அம்மா இருந்திருந்தா நான் இந்தப் பேச்சையே எடுத்திருக்க மாட்டேன். எனக்கோ முழங்கால் இப்படி. இன்னும் எத்தனை நாள் ஓடுமோ. அவள் என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

ஆகவே அக்கா, கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வரவும். இன்னும் ஒரு வருஷம் பொறுத்துக்கொள் என்று நீங்கள் சொன்னால் அவள் கேட்பாள். டாக்டர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கிறது, இருந்தாலும் சொல்லுங்கள். என் பேச்சை அவள் மதிப்பதில்லை, உங்கள் பேச்சை அத்தானே மதிக்கிறார்.

அத்தானுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஆசிகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், ரோட்டில் இடதுவலது பார்த்து, நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல் தட்டாத தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மகளே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அக்கா, அவள் ஆளைத் தேர்ந்தெடுத்து வைத்தியமும் முடித்துவிட்டாளாம். நான் உட்கார்ந்து பெயில் போட்டதில் பாதி நாள் அதற்கு அப்புறமாம். கரு தங்கிவிட்டது என்று இன்றைக்குக் காலையில்தான் உறுதியாகச் சொன்னார்களாம். உங்களுக்கு மட்டும் ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியுமாமே! அத்தைக்குச் சொல்லிட்டு என்னை மட்டும் ஏம்மா தினம் தினம் டெஸ்ட் எடுக்க விட்டேன்னு கேட்டேன். "முடிஞ்சுதுன்னு சொல்லியிருந்தா நீங்க தினம் சாப்பிட வந்திருக்க மாட்டீங்கப்பா" என்றாள். கையில் இருந்த உறையை மேசையில் வைத்தேன். அப்புறம், எந்த நம்பர் என்று கேட்டேன். சொல்ல மாட்டாளாம். நான் மறுபடி கேட்கவில்லை. நீங்கள் வர வேண்டாம் அக்கா, வந்தால் படுக்க இடமில்லை. மகள் வீட்டில் இருக்கிற ஒரே காலி அறைக்கு நாளை முதல் நான் குடிபோகிறேன்.