தலைவர் அறையில் கோதுமை

கோதுமைக் கதிர் முத்துகிற நேரம் பார்த்து, தொட்டிகளை வெப்பத்தில் வைத்திருந்த ஆய்வகச் சூட்டறை பழுதாகிப் படுத்துவிட்டது. வெயிலையும் வறட்சியையும் எந்தக் கோதுமை தாங்கும் என்பதுதான் மாணவியான அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. தொட்டிகள் இன்னும் சில வாரம் வெந்தாக வேண்டும். இல்லையென்றால் மறுபடி விதைப்பு, மறுபடி ஒரு வருஷம்.

கட்டடத்திலேயே அடுப்பாகக் கொதிக்கிற இடம் ஒன்றுதான்: துறைத் தலைவரின் அறை. மேற்குப் பார்த்த ஜன்னல், ஏசியும் பழுது. அவர் சாப்பிடப் போன நேரத்தில் தொட்டிகளைத் தூக்கிப்போய் ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

மறுநாளே ஏசி மெக்கானிக் ஏணியோடு வந்து நின்றார். வாசலிலேயே மடக்கினாள்.

"சார் மீட்டிங்ல இருக்காரு. அடுத்த வாரம் வாங்களேன்."

மெக்கானிக் தலையாட்டிவிட்டுப் போனார். ஏசி சரியாகாததால் தலைவரே தன் வீட்டிலிருந்து மேசை விசிறியைக் கொண்டுவந்துவிட்டார். திரைக்குப் பின்னாலும் காற்று புகுந்து பயிரின் சூடு இறங்கியது.

"சார், அந்த ஃபேன் கொஞ்ச நாள் கிடைக்குமா? சாம்பிள் காய வைக்கணும்."

"எடுத்துக்கம்மா."

விசிறி போனதும் ஈரத்துண்டு வந்தது. கழுத்தில் சுற்றிய நேரம் போக மிச்ச நேரம் அதைத் திரைக்கம்பியில் தொங்கவிட்டார். சொட்டுத் தண்ணீர் காட்டக் கூடாத பயிருக்குத் தூறல் விழுந்தது.

"துண்டு ரொம்ப அழுக்கா இருக்கு சார். துவைச்சுத் தரேன்."

கொடுத்துவிட்டார். துண்டும் இல்லாத மனிதர் வேறு என்ன செய்வார், ஜன்னலைத் திறக்க எழுந்து திரையில் கை வைத்தார். அவளுக்கு உயிரே போய்விட்டது.

"வேண்டாம் சார். வெளிய ஒரே தூசி. உங்களுக்குத் தும்மல் வந்துடும்."

அவர் திரையையும் அவளையும் பார்த்தார்.

"நீ சொன்னா சரிதாம்மா."

அதற்குப் பிறகு அவர் எதையும் திறக்கவில்லை, எதையும் கேட்கவுமில்லை. சட்டை முதுகோடு ஒட்ட, உட்கார்ந்தபடி வெந்துகொண்டிருந்தார். பார்க்க வருகிறவர்கள் உட்காராமலே பேசிவிட்டுப் போனார்கள். கோதுமை மட்டும் அவள் ஆசைப்பட்டபடியே வாடியது.

ஒரு மத்தியானம் கையெழுத்து வாங்கப் போனவள், அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்லம்மா. லேசா தலை சுத்துது."

தண்ணீர் கொடுத்து நடைபாதை நாற்காலியில் உட்காரவைத்தாள். நரைத்த தலை வியர்வையில் நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. இந்த மனிதரை வாட்டி ஒரு பட்டமா? விறுவிறுவென்று படியிறங்கி வந்து மெக்கானிக்குக்கு ஃபோன் போட்டாள்.

"இப்பவே வந்து சார் ரூம் ஏசியைச் சரி பண்ணுங்க. அன்னைக்கு உங்களைத் திருப்பி அனுப்பினது என் தப்புதான்."



"போன வாரமே சரி பண்ணிட்டேனே மேடம். கோதுமை முத்துற வரைக்கும் அதைப் போடப் போறதில்ல, அந்தப் பொண்ணுகிட்ட மூச்சு விடாதேன்னு சார்தான் சொல்லிவெச்சாரு."