கடலுக்குப் போகும் வழியில் ஆடுகள்

மாஹலாப்யே ஊரில் இருக்கும் மதிப்பிற்குரிய தாய்மாமன் அவர்களுக்கு, உங்கள் மருமகள் செகமெட்சியின் கணவன் மொத்துசி ஸ்காட்லாந்திலிருந்து எழுதுவது. நாங்கள் சுகம். நீங்களும், அத்தையும், மாடுகளும் சுகம்தானே? அங்கே மழை இறங்கியதா? இங்கே இறங்கியபடியே இருக்கிறது, யாருக்கும் அதில் சந்தோஷம் இருப்பதாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை உங்கள் மருமகள் ஃபோன் செய்து என்னைப் பற்றிப் பிராது கொடுப்பாள். அதற்கு முன் என் பக்கத்தையும் நீங்கள் கேட்க வேண்டும். பெண் கேட்டு வந்த நாளில், நம் நாட்டில் இல்லாத கடலை அவளுக்குக் காட்டுவேன் என்று உங்கள் முன்னால்தான் வாக்குக் கொடுத்தேன். கால்நடை ஆய்வாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் அதற்கு வேளை வந்தது. இப்போது அவள் சொல்வது இது: "கடலப் பாக்காம ஊர் திரும்பினா, ஏர்போர்ட்லேந்து நேரா மாமா வீட்டுக்குத்தான் போவேன். உங்க சோத்த நீங்களே ஆக்கிக்குங்க." சொன்னால் செய்கிறவள். உங்கள் வளர்ப்பு.

தினம் ஒரு இடம், ராத்திரிக்குள் திரும்பிவிடுவது என்று வாடகைக் கார் எடுத்துத் திட்டம் போட்டேன். வரைபடத்தில் கடல் ஒரு விரல் தூரம். நம் ஊர் வரைபடத்தில் ஒரு விரல் என்றால் பாதி நாள் ஓட்டம் என்பது உங்களுக்குத் தெரியும், ஆகவே விடியுமுன் கிளம்பி, தண்ணீர் கேன், கம்பளி, அவித்த சோளம், மண் தோண்ட மண்வெட்டி எல்லாம் ஏற்றினேன். நாங்கள் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மா மோராக் வாசலில் நின்று, "குடி மாறிப் போறீங்களா?" என்று கேட்டாள். கடலுக்கு என்றேன். "டீ ஆறுறதுக்குள்ள போயிட்டு வந்துடலாமே" என்றாள். அந்த அம்மாவுக்குப் பயண அனுபவம் போதாது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் நடு ரோட்டில் ஆடுகள், மேய்ப்பவன் இல்லை, முதுகில் சொந்தக்காரர் அடையாளம் போட்ட நீலச் சாயம் வேறு, யாரோ தொலைத்த மந்தை என்று தெளிவாகத் தெரிகிறது. வழிதப்பிய கால்நடையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறவனை நம் ஊரில் திருடன் என்றுதானே சொல்வார்கள் மாமா, அதனால் நான் இறங்கி ஓட்ட, இவள் பின்னால் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகக் காரில் வர, மலையிறங்கிப் போலீஸ் ஸ்டேஷன் வரை கொண்டு சேர்த்தோம். போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

"இதுங்க அங்கயே மேயறதுங்க" என்றார்.

"சாயங்காலம் யார் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போவாங்க?"

"யாரும் ஓட்டமாட்டாங்க. அங்கயே படுத்துக்கும்."

"நரி?"

"ஐயா, தயவுபண்ணி எடுத்த எடத்துல விட்டுடுங்க."

ஏற்றத்தில் ஓட்டுவது இறக்கத்தில் ஓட்டுவது போல் இல்லை. அன்றைய பொழுது அதோடு சரி.

மறுநாள் ஆடு இல்லாத வழியாகப் போனோம். ஒரு கார் மட்டும் போகக்கூடிய ரோடு. எதிரே வருகிறவர் ஒதுங்கி நின்று கை அசைக்கிறார். கை அசைத்தவரிடம் எப்படி விடிந்தது, பிள்ளைகள் சுகமா என்று கேட்காமல் போக நாம் என்ன மிருகமா? ஒவ்வொருவரிடமும் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, விசாரித்தேன். முதலில் பயந்தார்கள், அப்புறம் பேசினார்கள், ஒரு பெரியவர் தன் முழங்கால் வலியை ஆதியிலிருந்து சொன்னார், பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன, பொழுது சாய்ந்தது. "அவரு முட்டியப் பாக்கவா நான் ப்ளேன் ஏறி வந்தேன்" என்றாள் உங்கள் மருமகள். அறைக்குத் திரும்பியதும் பெட்டியை இழுத்து வைத்துத் துணி மடிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது மாமா.

நாளை கடைசி நாள். அவள்தான் ஓட்டப்போகிறாள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து வருவேன், எந்தப் பிராணிக்காகவும் எந்த மனிதனுக்காகவும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நீங்களும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி வையுங்கள். அத்தைக்கு என் வணக்கம். உங்கள் தொழுவம் நிறைய, கிணறு நிறைய, மழை பெய்யட்டும்.

பணிவுள்ள,
மொத்துசி

பி.கு.: கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. ஒரு மாட்டுக்கொட்டகையில் வைக்கோல் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். காலையில் சத்தியப்படி கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். கார் நின்றது. கடல்தான் என்று நினைத்துத் திறந்தால், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இவள் வேலி தாண்டிக்கொண்டிருக்கிறாள். கொட்டகைக்குள்ளே ஒரு பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, பண்ணைக்காரர் டாக்டருக்கு ஃபோன் போட்டபடி நிற்கிறார். "அந்த ஃபோன வச்சிட்டு வாலப் புடிய்யா" என்றாள். அவரும் பிடித்தார். கிடாரிக் கன்று, நல்லபடியாக இருக்கிறது. டீ வந்தது, ரொட்டி வந்தது. கன்றுக்குப் பின் வரவேண்டிய இளங்கொடி விழாமல் நகரமாட்டேன் என்று பசு பக்கத்திலேயே குந்தியிருக்கிறாள். அவள் முதுகுக்குப் பின்னால் கொட்டகை வாசல். வாசலுக்கு அந்தப் பக்கம், புல்வெளி முடிகிற இடத்தில், மாமா, கடல். சத்தியத்தை மீறி, "செகமெட்சி, கொஞ்சம் திரும்பி..." என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருங்க, மாடு மிரளும்" என்றாள்.