ஸ்ட்ரோபரி மணக்கிற டோச் லைட்

"சிகரெட்ட விட்டுட்டன்!"

வீட்டு முற்றத்தில நிண்டு நெஞ்ச நிமித்திச் சொன்னன். என்ட பொண்டாட்டி ஹுஸ்னியா மீன் கழுவிக்கிட்டிரிந்தா. நிமிந்தும் பாக்கல்ல.

"நோன்பு வரும் வரைக்குமா, இல்லாட்டி அஸர் தொழுகை வரைக்குமா?"

"கடைசி வரைக்கும்! சத்தியமா, வல்லாஹி!"

"வல்லாஹியெல்லாம் சொல்லாதீங்க, மறுகா பதில் சொல்ல ஏலாது. இனி என்ட வீட்டுக்குள்ள புகை வந்தா உங்கட உம்மாட வீட்டுக்குப் போயிருங்க."

அவட வீடு எண்டு அவ சொல்றதில பிழை ஒண்டும் இல்ல. எங்கட பக்கம் வீடு பொம்புளைக்குத்தான். மாப்பிள்ளை எண்டு சாய்ந்தமருதுக்கு வந்தவன் நான். வீடு அவட பேரில, கிணறு அவட பேரில, கோழி கூட அவ கூப்பிட்டாத்தான் வரும். என்ட பேரில இரிக்கிறது என்ட பேர் மட்டும்தான்.

ஆனா ஒண்ட யோசிச்சிப் பாருங்க. நான் விட்டது சிகரெட்ட. புகைய விடுறன் எண்டு சொல்லவே இல்ல. போனில பார்த்தன், வேப் எண்டு பெற்றறியில புகை விடுற ஒரு சாமான், வீட்டிலயே செய்யலாமாம். ஒரு குழாய், கம்பிச் சுருள், பஞ்சு, மணக்கிற தண்ணி, ரெண்டு பெற்றறி. அவ்வளவுதான்! கடையில வாங்கேலாது. பஸார் முழுக்க அவட சொந்தக்காரர். நான் வீட்டுக்கு வர முன்னால செய்தி வந்து சோறு தின்னும்.

கல்முனையில போன் திருத்துற றொனி பழைய லெப்டொப் பெற்றறி ஒண்டு தந்தான். ஒடைச்சா உள்ளுக்க ஆறு குட்டிப் பெற்றறி. பஞ்சு, தண்ணிப் போத்தலோட பாயில பரப்பி வச்சி ரசிச்சிக்கிட்டிரிக்கன், முதுகுக்குப் பின்னால ஹுஸ்னியாட சத்தம்.

"என்ன இது?"

"டோச்!" எண்டன். எங்கிரிந்து வந்திச்சோ தெரியா. "உங்கட தம்பி றஸ்மிக்குத்தான். மாவடிப்பள்ளி வயலில வேளாண்மைக்கு யானை வருதெல்லா? காவலுக்கு ஒரு நல்ல டோச் லைட் செஞ்சி குடுப்பம் எண்டு."

"மாஷா அல்லாஹ்! என்ட தம்பில அவ்வளவு இரக்கமா?"

"ஓம் கா."

"டோச்சுக்கு எதுக்கு பஞ்சு?"

"பெற்றறி குலுங்காம இரிக்க."

"இந்த ஸ்ட்ரோபரி மணக்கிற தண்ணி?"

"துருப்பிடிக்காம இரிக்க."

"ஓ... அப்பிடியா," எண்டா. வேற ஒண்டும் கேக்கல்ல. பதினெட்டு வருசமா இவவோட குடும்பம் நடத்துறன், அந்த "ஓ"வுக்கே நான் பயந்திரிக்கணும். பயப்படல்ல. என்ட மூளைய நானே மெச்சிக்கிட்டிரிந்தன்.

அடுத்த நாள் விடியத் தேத்தண்ணி ஊத்தித் தந்திட்டு பாயில குந்தினா. போனும் கையுமா எல்லாம் படிச்சிரிக்கா!

"என்ட தம்பிட கையில வெடிக்கப்படாது. இஞ்ச பாருங்க, இதுட தோல் உரிஞ்சிரிக்கி. சோட் சேர்க்கிட் ஆகி நெருப்புப் பத்தும். வீசுங்க."

வீசினன்.

"இது நசுங்கியிரிக்கி. வீசுங்க."

"மத்ததெல்லாம் நல்லந்தானே?"

"பழசு. எவ்வளவு பாடுபட்டிச்சோ தெரியா. அதோட லெப்டொப் பெற்றறி மெதுமெதுவாத்தான் கரண்ட் குடுக்குமாம். ஒரேயடியா இழுத்தா சூடாகி வெடிக்கும்."

"டோச் என்ன ஒரேயடியா இழுக்கவா போவுது?"

"உங்கட டோச் இழுக்கும்," எண்டிட்டு எழும்பிப் போயிட்டா.

பின்னேரம் என்னையும் இழுத்துக்கிட்டு றொனிட கடைக்குப் போனா. அவன் பளபளண்டு பெற்றறி ஒண்ட எடுத்து நீட்டினான். மேல 9900 mAh எண்டு போட்டிரிக்கி, அவ்வளவு கரண்ட் கொள்ளுமாம். எனக்கு வாயூறிச்சி.

"வைங்க தம்பி அத," எண்டா ஹுஸ்னியா. "இந்தளவு உடம்புக்குள்ள அவ்வளவு அடங்காது. பெரிய நம்பரெண்டா பெரிய பொய். நல்ல கம்பெனிக்காரன் அளவாத்தான் சொல்லுவான்." என்னைத் திரும்பிப் பார்த்தா. "வல்லாஹி எண்டெல்லாம் கத்த மாட்டான்."

றொனி உள்ளுக்குப் போய் நல்லதா ரெண்டு கொண்டு வந்தான். ஒரே கம்பெனி, ஒரே நாள் வந்த சோடி.

"இதப் பிரிக்கப்படாது," எண்டு எனக்குப் பாடம் எடுத்தா. "ஒண்டாப் பாவிச்சி ஒண்டாத்தான் சார்ஜ் போடணும். புதிசோட பழச சேத்தா பழசு புதிசட உசிர எடுக்கும்."

"நம்மட குடும்பத்தப் போல," எண்டன்.

"ஓம். இதில பழசு நீங்க."

றொனி சிரிச்சி விழுந்தான். நல்ல சார்ஜர் ஒண்டும் வாங்கினா. நான் பெற்றறிய எடுத்து சேட் பொக்கட்டில போட்டன். பஸார் அதிரக் கத்தினா பாருங்க!

"யா றப்பே! மோட்டச்சைக்கிள் சாவியோடயா போடுற? சாவி பட்டா நெஞ்சிலயே பத்தும்! பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வைங்க!"

ஊரே திரும்பிப் பார்த்திச்சி. எனக்கோ சந்தோசம் தாங்கேல்ல. கஸ்டமான வேலையெல்லாம் அவ செய்றா, இழுக்கிற வேலை மட்டும் எனக்கு. இப்பிடிக் குடுத்து வச்ச மாப்பிள்ளை கல்முனையில வேற ஆர் இரிக்கான்?

வெள்ளிக்கிழமை. எல்லாம் சரி. கம்பி சுத்தியாச்சி, குழாய் ரெடி. ஜும்ஆ தொழுகை முடிஞ்சி ஓடி வந்து அலுமாரியத் திறந்தன். பெற்றறியக் காணல்ல. பஞ்சக் காணல்ல. தண்ணிப் போத்தலையும் காணல்ல.

நடு அறையில ஆரோ பெரிசாச் சிரிக்கிற சத்தம். மச்சான் றஸ்மி! கையில முழ நீளத்தில ஒரு டோச் லைட். பட்டப்பகலில என்ட கண்ணுக்கே அடிச்சான். கண் கூசிப் போச்சி.

"மச்சான்! என்ன வெளிச்சம்! என்ட ராத்தா டோச் கூடு வாங்கினாவாம், பெற்றறி நீங்க தேடித் தேடி எடுத்ததாம். என்ட வாப்பா கூட எனக்கு இப்பிடி ஒண்டு தரல்ல!" கட்டிப்பிடிச்சிக்கிட்டான். கண் கலங்கியிரிந்திச்சி.

அப்பிடிப்பட்டவன்கிட்ட என்னத்தக் கதைக்கிற? "பரவால்ல மச்சான்," எண்டு குசினிக்குள்ள, ஹுஸ்னியாகிட்ட ஓடினன்.

"தண்ணி எங்க கா?"

"துருவுக்கெண்டு சொன்னீங்க. கேற்றுப் பூட்டு துருப்பிடிச்சிரிந்திச்சி, முழுக்க ஊத்திட்டன். பக்கத்து வீட்டு றுமைஸா வந்து ஆரு வீட்ட கேக் அடிக்கிற எண்டு கேக்கா."

நான் தலையில கை வச்சன். அவ சிரிக்கல்ல. கிட்ட வந்தா.

"ராவில நீங்க இருமக்குள்ள ஆர் முழிச்சிக் கிடக்கிற? நான். நீங்க இல்லாம இந்த வீட்ட வச்சி நான் என்ன செய்ய?"

இவ்வளவு காலத்தில இப்பிடி ஒரு நாளும் சொன்னதில்ல. மனசு குளுந்து போச்சி. சரி, புகையும் வேணாம் ஒரு மண்ணும் வேணாம் எண்டு அந்த இடத்திலயே முடிவெடுத்தன். இந்த முறை உண்மையா.

அந்த நேரம் பாத்து றஸ்மி எட்டிப் பார்த்தான். "மச்சான், சுறுக்கா வெளிக்கிடுங்க. ராத்தா சொன்னா, டோச் செஞ்சவரே இண்டைக்கிக் காவலுக்கும் வாறாரெண்டு."

"நானா? யானைக்கா?"

ஹுஸ்னியா பை ஒண்டத் தூக்கி என்ட கையில வச்சா.

"உங்கட பஞ்சு உள்ளுக்க இரிக்கி. யானைய விரட்ட வெடி போடக்குள்ள காதுக்குள்ள வச்சிக்கோங்க, டோச் பஞ்சில்லாமலே எரியுது."