தொண்ணூறு கிராம் தலையணையும் நான் தூங்காத ஐம்பது நிமிடமும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். நீயும் உன் மனைவியும் அவளுடைய வலது முழங்காலும் நலமாக இருக்க வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். நான் கடை ஜன்னலில் படுத்துத் தூங்கினேன் என்று நம் குடும்பத்தில் ஒரு பேச்சு நடக்கிறது. அதில் மூன்று தவறுகள். நான் படுத்தது ஜன்னலுக்குள் போட்டிருந்த கூடாரத்தில். படுத்தது கடைப்பெண் சொன்னதன் பேரில். மூன்றாவது, நான் தூங்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். கண்ணை மூடிய பேரெல்லாம் தூங்குகிறார்கள் என்றால் ஜெபம் செய்கிறவர்கள் கதி என்ன?

நேற்று நீ தொலைபேசியில் சிரித்ததை நான் மறக்கவில்லை. "அக்கா, படத்தைப் பெருசாக்கிப் பாத்தேன். கட்டைவிரலைப் பாத்தேன்க்கா" என்றாய். அதற்கு மேல் கேட்கப் பிடிக்காமல் வைத்துவிட்டேன். சின்ன வயதில் என் பென்சில் பெட்டியைத் திறக்கும் முன் நீ குனிந்து என் கையைப் பார்ப்பாய். கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தால் அக்கா நிஜமாகவே தூங்குகிறாள், பெட்டியைத் திறக்கலாம் என்று உனக்கு ஒரு கணக்கு. அந்தக் கணக்கு உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அது அப்படியே இருக்கட்டும். யாரிடமாவது வாயைத் திறந்தாயானால், அந்தப் பெட்டியிலிருந்து என்னென்ன காணாமல் போயிற்று என்று உன் மனைவிக்குத் தனியாக ஒரு கடிதம் போடுவேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த வாரம் என் மகனும் மருமகளும் ஏரிக்கரையில் நான்கு நாள் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்கள். உன் அத்தானும் நானும் நாற்பது வருடம் அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோமே, அதே ஏரி. எனக்கு இனி எத்தனை அடுத்த வருடம் இருக்கிறது என்று நீயே சொல். நானும் வருகிறேன் என்றேன். மகன் தலையைச் சொறிந்தான். மருமகள் தராசை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளுநர் என்பது உனக்குத் தெரியும். மனிதர்களையும் மில்லிகிராமில்தான் பார்ப்பாள். கார் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் நடக்க வேண்டுமாம். அவரவர் பையை அவரவர் தூக்க வேண்டுமாம். ஒரு ஆளுக்கு ஐந்து கிலோ, அதற்கு மேல் ஒரு கைக்குட்டைகூட ஏறாதாம். என் பஞ்சுத் தலையணையைத் தராசில் வைத்தாள். ஒரு கிலோ தொள்ளாயிரத்து நாற்பது கிராம். "அத்தை, இது தலையணையா, இல்ல ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டாள்.

அது உன் அத்தானுடைய தலையணை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை. இது பழக்கம் என்றுதான் இங்கே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தத் தலையணை இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது என்பது ஊரறிந்த விஷயம். போன வருடம் விடுதியில் இரண்டு நாள் கொட்டக் கொட்ட விழித்திருந்து, இரத்த அழுத்தம் ஏறி, மூன்றாம் நாள் எல்லோரையும் மருத்துவமனை பெஞ்சில் வரிசையாக உட்கார வைத்தேன். அதனால் மருமகள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். லேசான தலையணை ஒன்றை நானே தேர்ந்தெடுக்க வேண்டும், அதில் நான் தூங்க வேண்டும். தூங்கினால் ஏரி. தூங்காவிட்டால் உன் வீட்டுப் பின்னறை, மீன்தொட்டி மோட்டாருக்குப் பக்கத்துக் கட்டில். நியாயமான நிபந்தனைதான். அவளை நான் குறை சொல்லவில்லை. அவளுடைய அப்பாவைத்தான் சொல்கிறேன்.

சம்பந்திக்கு இந்த நிபந்தனை எதுவும் கிடையாது. கப்பலில் முப்பது வருடம் சமையல்காரராக இருந்தவர். "எனக்கெதுக்குத் தலையணை? ரெண்டு செருப்பையும் துண்டுல சுத்தி வெச்சாப் போதும்" என்கிறார். சொன்னதோடு நிற்காமல் கூடத்தில் படுத்துக் காட்டினார். இரண்டு நிமிடத்தில் குறட்டை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அவருக்கு முதல் நாளே இடம் உறுதியாகிவிட்டது. செருப்பின் மேல் தலை வைக்கிறவருக்கு ஏரி, கான்வென்டில் படித்தவளுக்கு மீன்தொட்டி.

தலையணை தேடும் படலத்தை மகன் தொடங்கி வைத்தான். விமானத்தில் கழுத்தில் மாட்டிக்கொள்வானே, குதிரை லாடம் மாதிரி ஒன்று, அதை ஊதிக் கொடுத்தான். உட்கார்ந்தபோது கழுத்து சுளுக்கிக்கொண்டவள் மாதிரி இருந்தேன். படுத்தால் தலை முன்னால் தள்ளிக்கொண்டு நாடி நெஞ்சில் இடித்தது. என் கால்விரல்களையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் படுத்திருப்பது? அடுத்தது சம்பந்தி எங்கிருந்தோ கொண்டுவந்தது, வழவழவென்று பிளாஸ்டிக். ஒரு தடவை திரும்பிப் படுத்தால் பக்கத்து அறையில் யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிற சத்தம். இன்னொரு தடவை திரும்பினால் தலை ஒரு பக்கம், தலையணை ஒரு பக்கம். மூன்றாவது தடவை அது கட்டிலை விட்டுக் குதித்து நாற்காலிக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. "சம்பந்தியம்மா, அதுக்கே உங்களைப் பாத்துப் பயம்" என்றார் மனிதர்.

சரி, இனி யாரையும் நம்பிப் பயனில்லை, நாமே முறையாகப் பார்ப்போம் என்று தீர்மானித்தேன். கான்வென்டில் எங்கள் சிஸ்டர் ஒரு நூல்கண்டு வாங்குவதானாலும் அளவுகோல் இல்லாமல் கடைக்கு விடமாட்டார். ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் படுக்கைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். நாலரை அங்குலம். அதுதான் எனக்கு வேண்டிய உயரம். அளவு நாடாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். மகனுக்கு வேலை இருந்ததால் சம்பந்தி துணைக்கு வந்தார். வந்தவர் உள்ளே வரவில்லை. வாசலில் காற்று வாங்கிக்கொண்டு நின்றார். அதுதான் வினையாயிற்று.

கடைப்பெண் தங்கமான பெண். சலிக்காமல் ஒன்பது தலையணை எடுத்துப் போட்டாள். நான் ஒன்றை வாயருகே கொண்டுபோனதும், "மேடம், வாயால ஊதாதீங்க, பம்ப் இருக்கு" என்றாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. யார் யார் ஊதினார்களோ! ஒவ்வொன்றிலும் காற்றடித்து அளந்தேன். இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது தம்பி, உனக்கும் என்றாவது உதவும். எல்லோரும் பந்து மாதிரி முட்ட முட்டக் காற்றடித்துவிட்டு, கல் மாதிரி இருக்கிறது, தலை உருளுகிறது என்று புலம்புகிறார்கள். முழுக்க அடித்து, தலையை வைத்துப் படுத்துக்கொண்டு, அப்புறம் மூடியை லேசாக அழுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட வேண்டும். தோளும் கழுத்தும் ஒரு கோட்டுக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும். படுத்துப் பார்க்க வேண்டிய சாமானை நின்றுகொண்டே வாங்குவதால்தான் இவ்வளவு பேர் கழுத்துவலியோடு திரிகிறார்கள்.

ஆறாவது தலையணை சரியாக இருந்தது. மேலே மெத்தென்ற துணி, சத்தமே இல்லை. நடுவில் தலைக்கு ஒரு பள்ளம். விரிப்போடு சேர்த்து மாட்டிக்கொள்ள இரண்டு பட்டை, ஆகவே குதித்து ஓட வழியில்லை. மடித்தால் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் அடங்கிவிடும். எடை தொண்ணூறு கிராம், ஒரு இருமல் மருந்து பாட்டிலை விடக் குறைவு. ஆனால் காற்று தங்குமா என்று படுத்துப் பார்த்தால்தானே தெரியும்? அரை மணி நேரமாவது படுக்க வேண்டும் என்றேன். அந்தப் பெண் கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்த டென்ட்ல வேணா படுத்துப் பாருங்க மேடம், யாரும் வரமாட்டாங்க" என்றாள். செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே போனேன். பொது இடத்தில் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு படுக்கிற வளர்ப்பு இல்லை நம்முடையது. ஜிப்பைக் கீழிருந்து மேலே ஒரு பல் விடாமல் இழுத்து மூடினேன்.

நான் மூடியது ஆளே இல்லாத கடைப்பக்கம். படுத்தபோது நான் முகத்தைத் திருப்பி வைத்த மறுபக்கம் முழுக்க மெல்லிய கொசுவலை. அதற்கு அப்பால் கண்ணாடி. அதற்கு அப்பால் தெரு.

இதை நான் எப்படி அறிவேன்? நான் காற்று இறங்குகிறதா என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கவனமாகக் கேட்கக் கண்ணை மூட வேண்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஜிப் திறந்தது. அந்தப் பெண்ணின் முகம். "மேடம், மேடம், எந்திரிங்க, வெளில கூட்டம் நிக்குது!"

"நான் எழுந்துதான் இருக்கிறேன். காற்று இறங்குகிறதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றேன்.

"அம்பது நிமிஷமாவா மேடம்?"

திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்கு வெளியே ஒரு பதினைந்து பேர். தள்ளுவண்டியில் ஒரு கைக்குழந்தைகூட என்னைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நம் சம்பந்தி, கைப்பேசியும் கையுமாக. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் படம் குடும்பக் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கீழே ஒரு வரி: "சம்பந்தியம்மா கேம்ப்பிங்கை ஆரம்பிச்சுட்டாங்க." படத்தில் என் கால்மாட்டில் ஒரு அட்டை தெரிகிறதே, "பழைய மாடல். இருப்பு ஒன்று மட்டும்" என்று, அது கூடாரத்துக்கு வைத்தது. அதை எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

ஞாயிற்றுக்கிழமை காலை மேசையைச் சுற்றி விசாரணை. தலையணை நடுவில், சாட்சிப் பொருள் மாதிரி.

"அத்தை, நேராவே கேக்கறேன். தூங்கினீங்களா, இல்லையா?" என்றாள் மருமகள்.

"இல்லை."

"அம்மா, வாய் திறந்திருக்கும்மா படத்துல" என்றான் மகன்.

"மூச்சு விடத் திறந்தேன். அது குற்றமா?"

"அப்ப சரி. அம்பது நிமிஷம் படுத்தும் தூக்கம் வரலைன்னா, இதுலயும் உங்களுக்குத் தூக்கம் வராது. நான் என்ன தைரியத்துல கூட்டிட்டுப் போவேன்?" மாத்திரையை விழுங்கினாயா, நாக்குக்கு அடியில் ஒளித்தாயா என்று பார்க்கிற பார்வை ஒன்று அவளுக்கு உண்டு. அப்படிப் பார்த்தாள்.

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "தூங்கினேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போச்சு சம்பந்தியம்மா. நாங்க யாரும் சிரிக்க மாட்டோம்." சொல்லும்போதே அவர் தோள் குலுங்கியது.

தூங்கினேன் என்றால் ஏரி கிடைக்கும், மானம் போகும். தூங்கவில்லை என்றால் மானம் நிற்கும், ஏரி போகும். இவ்வளவு சுத்தமாக என்னை யாரும் மூலையில் தள்ளியதில்லை தம்பி. "நான் தூங்கவில்லை" என்று சொல்லி எழுந்து என் அறைக்கு வந்துவிட்டேன். அன்று மதியமே மகன் உனக்குப் பேசினான், நீயும் "தாராளமா வரட்டும்" என்று சொல்லிவிட்டாய். யாரைக் கேட்டுச் சொன்னாய்? அதனால் நீ செய்ய வேண்டியது இதுதான். உன் வீட்டில் அந்த நான்கு நாளும் வெள்ளையடிக்கிறார்கள், அக்காவுக்கு இடமில்லை என்று என் மகனுக்கு எழுதிவிடு. வேறு வழியில்லாமல் என்னைக் கூட்டிப்போவார்கள்.

உன் மனைவிக்கு என் அன்பு. முழங்காலுக்கு ஒத்தடம் விடாமல் கொடுக்கட்டும். உனக்கு என் ஆசீர்வாதம், சிரித்ததற்காகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு.

இப்படிக்கு,
தூங்காத உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிழை ஒன்றும் இல்லை. உண்மையும் இல்லை. தூங்கினேன். படுத்துக்கொண்டு மூடியை அழுத்தியதும் காற்று மெதுவாக இறங்கியது. உன் அத்தான் தூங்கப் போகும் முன் மூக்கால் நீளமாக ஒரு மூச்சு விடுவாரே, கிட்டத்தட்ட அந்தச் சத்தம். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். அவர் போன பிறகு அவர் தலையணை இல்லாமல் நான் தூங்கிய முதல் ஐம்பது நிமிடம் அது, அதுவும் ஒரு தெருவே பார்க்க. இதை என் வாயால் இங்கே சொல்ல மாட்டேன். சம்பந்தி அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும்வரை முடியாது. ஆகவே வெள்ளையடிப்பதை விட்டுவிடு. என் மருமகளுக்கு எழுது. படத்தைப் பார்த்தேன், கட்டைவிரல் உள்ளே மடங்கியிருக்கிறது, சின்ன வயது முதல் எனக்குத் தெரியும், அக்கா தூங்கினால் மட்டும்தான் அப்படி மடங்கும், ஆகவே அக்கா தூங்கினாள் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு. பென்சில் பெட்டியைப் பற்றியும் எழுதலாம், நான் மன்னித்துவிட்டேன். நான் கேட்டு எழுதியதாக மட்டும் ஒரு வார்த்தை வரக்கூடாது. நீதிமன்றத்தில் இத்தனை வருடம் தட்டச்சு செய்தவன் நீ, வாய்ப்பேச்சுக்கு என்ன மதிப்பு என்று உனக்கே தெரியும். வெள்ளிக்கிழமை பைகளை எடை போடுகிறார்கள். தொலைபேச வேண்டாம். அதற்கு முன் எழுத்தில் பதில் அனுப்பு.