கோட்டுக்கு வந்த கொழுப்பு

"'இந்த வீட்டுல ஒண்ணு சர்க்கரை இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்.' காலையில இதைத்தானே சொன்னீங்க? ஒரு எழுத்து விட்டுட்டேனா?"

செல்லக்கண்ணு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். புருஷன் பேச்சை மட்டுமல்ல, மூக்கால் வருகிற அந்த இழுப்பையும் அவள் விடவில்லை.

"சொன்னேன். அதுக்கென்ன இப்போ?" என்றார் மருதப்பன்.

"நல்லா யோசிச்சுப் பாத்தேன். சர்க்கரையே இருக்கட்டும்."

மருதப்பனுக்குச் சுருக்கென்றது. படகுத்துறையில் ஒரு மிளகுக் கிட்டங்கியின் பெரிய கிராணி, அதாவது தலைமைக் கணக்கப்பிள்ளை அவர். அங்கே அவர் இருமினால் மற்றக் கிராணிகளின் பேனா நின்றுவிடும். சிரங்கூன் ரோட்டு வீட்டில் அவர் கத்தினாலும் கரண்டிகூட நிற்பதில்லை.

இத்தனைக்கும் காரணம் ஒரு பொத்தான். வருஷப் பிறப்பன்று துரைக்கு எலுமிச்சம்பழம் கொடுத்துக் குனிந்தபோது, அவருடைய வெள்ளை குளோஸ் கோட்டின் நடுப் பொத்தான் தெறித்துப் பறந்து துரையின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது. துரை திட்டவில்லை. கரண்டியால் பொத்தானை எடுத்துச் சாசரில் வைத்தார். கோட்டுக்குள் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

இப்போது அந்தத் துரை சீமைக்குத் திரும்புகிறார். போவதற்கு முன்னால் எல்லாரும் சேர்ந்து போட்டோ பிடிக்கப்போகிறார்கள். துரைக்கு வலப்பக்கத்து நாற்காலி பெரிய கிராணிக்கு. ஆனால் பொத்தான் பூட்டாத ஆளுக்கு முன்வரிசையில் இடமில்லை. பின்னால் நிற்க வேண்டியதுதான். அப்போது நாற்காலி இரண்டாவது கிராணி சுந்தரத்துக்குப் போய்விடும். சுந்தரம் குடைக்கம்பி மாதிரி இருப்பான். இப்போதே அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டான்.

"புதுக் கோட்டு தைச்சா என்னங்க?"

"இதே கோட்டைத்தான் போடுவேன்னு ஆபீசுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன்."

ஆண்பிள்ளைகள் சபதம் செய்வதற்கு ஆபீசுக்குப் போவார்கள். நிறைவேற்றுவதற்கு வீட்டுக்கு வருவார்கள். சர்க்கரை, நெய், தேங்காய்ப்பால் எதுவும் இனி குசினிக்குள் நுழையக்கூடாது என்பது சட்டம். சட்டம் வீட்டிலுள்ள எல்லாருக்கும். எல்லாரும் என்றால் செல்லக்கண்ணு.

"உங்க வயித்துக்கு நான் ஏன் பட்டினி?"

"நீ திங்கறதைப் பாத்தா எனக்கு நாக்கு ஊறும்."

"கண்ணை மூடிக்குங்க."

"வாசனை வருமே?"

"மூக்கையும் மூடிக்குங்க."

"அப்புறம் நான் எப்படி மூச்சு விடறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். ஒரு வாய் இனிப்பில்லாம நான் எப்படி மூச்சு விடறது? வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுங்க. சாமிக்குக் கொஞ்சம் பாயாசம், அப்புறம் ஆளுக்கு ஒரு கிண்ணம். மத்த நாளெல்லாம் புல்லை ஆக்கிப் போட்டாலும் திங்கறேன்."

"ஒரு நாளும் கிடையாது. பாவம்னா பாவந்தான், அதுல வெள்ளிக்கிழமை என்ன? சாமிக்கு வாழைப்பழம் போதும்."

அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு மேலே ஒரு தட்டு வந்தது. பக்கத்து வீட்டு ஆமினா பீவி. அவள் புருஷன் சாகுல் ஹமீதுக்கு அல்வாக் கடை. அடுத்த வீட்டுத் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுப்பதே மரியாதை இல்லை. மருதப்பன் அதை அல்வாவோடேயே திருப்பிக் கொடுத்தார்.

"எங்க வீட்டுல இதெல்லாம் நிறுத்தியாச்சும்மா."

ஆமினா பீவி தட்டைப் பார்த்தாள். செல்லக்கண்ணுவைப் பார்த்தாள். செல்லக்கண்ணு அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது மருதப்பனின் வழக்கம். கல்யாணமான நாளிலிருந்து அவர் விடாமல் செய்துவரும் கணக்குப் பிழை அது.

அன்றிலிருந்து கஞ்சி, பாகற்காய், மிளகு ரசம். ரிக்‌ஷாவில் போவதை நிறுத்தினார். படகுத்துறைக்கு நடந்தே போனார், நடந்தே வந்தார். வழியில் சர்க்கரை தூவிய இடியாப்பம் விற்கிற புட்டு மாயக்காரன் கூவினால் எதிர்ப்பக்கம் போய் நடந்தார். எதிர்ப்பக்கம் வாழைப்பழம் பொரித்தால் நடுத்தெருவில் நடந்தார். நடுத்தெருவில் டிராம் மணி அடித்தது. இனிப்பு வாசனை அளவுக்கு டிராம் அவருக்கு ஆபத்தாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடி முன் நின்று கோட்டைப் போட்டுப் பார்த்தார். முன்னைவிட இறுக்கம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதைவிட இறுக்கம்.

"வண்ணான் வேலை! கொதிக்கிற தண்ணியில போட்டுச் சுருக்கிட்டான்."

செல்லக்கண்ணு கோட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "சுருங்கினா கையும் சேந்து சுருங்கணுமே. கை சரியாத்தான் இருக்கு. வயித்துப் பக்கம் மட்டும் பாத்துச் சுருக்க அவனுக்கு உங்க மேல என்ன கோபம்?"

நியாயமான கேள்வி. மருதப்பன் குனிந்து இடுப்பு வேட்டியைப் பார்த்தார். வேட்டியைக் கேட்டுப் பயனில்லை. வேட்டி யாரையும் காட்டிக்கொடுக்காத துணி.

மறுநாள் கிட்டங்கியில் ஆள் இல்லாத சமயத்தில் மிளகு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். தராசு அவர் நன்றாக இளைத்துவிட்டதாகச் சொன்னது. சந்தோஷத்தில் தலைப்பாகையைக்கூடச் சரிசெய்துகொண்டார். அப்புறம் முகம் தொங்கிப்போனது. அந்தத் தராசின் யோக்கியதை அவருக்குத் தெரியாதா? ஜோகூரிலிருந்து மிளகு கொண்டுவருகிறவனின் மூட்டை அதில் ஏறினால் இளைத்துத்தான் போகும். அப்படி இளைக்கும்படி அதைத் திருகி வைத்தவரே அவர்தான். ஊரை ஏமாற்றுகிற தராசு, திருகினவரிடம் மட்டும் உண்மை பேசுமா? துணிக்குப் பொய் சொல்லத் தெரியாது. கோட்டையே நம்பினார்.

வீட்டு வாசலில் ஆமினா பீவி நின்றிருந்தாள். "என்ன அண்ணே, இப்படி இளைச்சுட்டீங்க?"

தட்டைத் திருப்பிக் கொடுத்த கோபத்தில் குத்திக் காட்டுகிறாள் என்று எண்ணிக்கொண்டு மருதப்பன் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொத்தானும் ஓட்டையும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கக்கூட இல்லை. மருதப்பன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சுந்தரம் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது.

"குடிக்கிறது கஞ்சி. நடக்கிறது கழுதை மாதிரி. எங்கேருந்துடி வருது இது?"

செல்லக்கண்ணு தையல் பெட்டியை மூடி வைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். "ஒண்ணு கேக்கட்டுமா? ரங்கூன்லேருந்து கப்பல் வராதுன்னு தெரிஞ்சா அரிசிக்கடைக்காரன் என்ன செய்வான்?"

"இருக்கிறதைப் பதுக்குவான்."

"உங்க உடம்பும் அதைத்தான் செய்யுது. ஒண்ணும் கொடுக்கமாட்டேங்கிறாரேன்னு உள்ளதை இறுக்கிப் பிடிச்சு வச்சிருக்கு. வாரம் ஒரு கப்பல் தவறாம வரும்னா?"

"ஏன் பதுக்கப்போறான்? வித்துடுவான்." மருதப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வியாபாரத்தில் சொன்னால் அவருக்கு எதுவும் புரியும். "அப்போ வெள்ளிக்கிழமைப் பாயாசம்…"

"கப்பல்."

"இதையெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"கான்வெண்ட் மதர்."

தன்னால் நிரூபிக்க முடியாததையெல்லாம் செல்லக்கண்ணு கான்வெண்ட் மதர் தலையில் போடுவாள். மருதப்பனுக்கோ அந்த மதர் மேல் பெரிய மரியாதை. தையலில் செல்லக்கண்ணுவை மிஞ்ச ஆளில்லாமல் பழக்கிவிட்டவர் அல்லவா?

வெள்ளிக்கிழமை பாயாசம் வந்தது. முதல் கரண்டியைக் குற்றம் செய்கிறவர் மாதிரி விழுங்கினார். இரண்டாவது கரண்டி தானாகவே போயிற்று. மற்ற நாட்களில் கஞ்சியும் நடையும் வழக்கம்போல நடந்தன. ஞாயிற்றுக்கிழமை பொத்தான் பூட்டிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை ஆமினா பீவியின் அல்வாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோட்டுக்குள் காற்று போய் வந்தது.

மருதப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததை ஊருக்கு உபதேசிப்பதில் மட்டும் குறை வைக்கவில்லை. "இனிப்பைக் கண்டு பயப்படக் கூடாது லா. வாரம் ஒரு நாள், நிம்மதியாச் சாப்பிடணும்" என்று மலாய்க்காரர் மாதிரி 'லா' போட்டு ஆபீசில் சொன்னார். சுந்தரம் இதைக் கேட்டுவிட்டு எல்லா நாளையும் வெள்ளிக்கிழமை ஆக்கிவிட்டதாகக் கேள்வி.

போட்டோ நாளும் வந்தது. வலப்பக்கத்து நாற்காலியில் மருதப்பன். எல்லாப் பொத்தானும் பூட்டியிருந்தன. மூச்சும் விட முடிந்தது. துரை நடுப் பொத்தானைப் பார்த்தார். மெதுவாகத் தலையாட்டினார். மருதப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பெருமையோடு வீட்டுக்கு வந்தார். எப்போதும் கோட்டை வாங்கி மாட்டுகிற செல்லக்கண்ணுவைக் காணோம். கொல்லைப்புறத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. தானே கோட்டைக் கழற்றினார். உட்பக்கம் வெளியே வந்தது.

பக்கத் தையலை ஒட்டி வரிசை வரிசையாக ஊசி போன தடம். ஒரு வரிசை பிடித்து, அதற்கு உள்ளே இன்னொன்று பிடித்து, பிறகு எல்லாவற்றையும் பிரித்து விட்டிருந்தது. பிரித்த வெள்ளை நூல் ஒரு துணுக்கு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

மருதப்பன் அப்படியே நின்றார். அப்படியானால் பொய் சொன்னது கோட்டு. உண்மை சொன்னது தராசு. பிறந்ததிலிருந்து ஒரே ஒரு நாள் அது உண்மை பேசியது, அன்றைக்குப் பார்த்து அவர் நம்பவில்லை. அப்படியென்றால் இளைத்தது கஞ்சியாலா? பாயாசம் ஒன்றும் செய்யவில்லையா? நாற்காலியும் கிடைத்தது, பாயாசமும் கிடைத்தது. நட்டம் யாருக்கு? நட்டம் இல்லையென்றால் எதற்குக் கோபப்படுவது? ஆனாலும் கோபப்பட்டே ஆகவேண்டும் என்று முடிவு செய்து, கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். வழியெல்லாம் பேச வேண்டியதைத் தயார் செய்தார்.

கொல்லையில் செல்லக்கண்ணுவும் ஆமினா பீவியும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு பெரிய தட்டு. அதில் நெய் வழிந்த அல்வா, இன்னும் சூடாக. தயார் செய்த பேச்சில் பாதி உருகிப்போயிற்று.

"இது என்ன?" என்று கோட்டை நீட்டினார்.

"கோட்டு" என்றாள் செல்லக்கண்ணு.

"இந்த ஓட்டையெல்லாம்?"

"காத்தோட்டத்துக்கு."

ஆமினா பீவி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். மருதப்பனின் கண் தட்டுக்குப் போயிற்று. மிச்சமிருந்த பாதியும் உருகிற்று.

"அது சரி… இன்னிக்கு என்ன அல்வா?"

"ஆமினா லாத்தா கொண்டாந்தாங்க. வந்த தட்டைத் திருப்பி அனுப்பக்கூடாதுல்ல?"

"எனக்கு?"

"இன்னிக்குச் செவ்வாய்க்கிழமைங்க."

"நீ மட்டும் திங்கிறே?"

"வெள்ளிக்கிழமைச் சட்டம் கோட்டு போடறவங்களுக்கு. நான் சேலை கட்டறவ." அவள் ஆமினா பீவி பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க லாத்தா, தேக்கா மார்க்கெட்டுல மீன் என்ன விலை விக்குது?"

ஆமினா பீவி மீன் விலையைச் சொன்னாள். அப்புறம் கருவாட்டு விலைக்குப் போனாள். மருதப்பன் கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாயின் ஓரத்தில் குந்தினார்.

"செல்லக்கண்ணு, அந்த ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கு பாரு, அந்தச் சின்னத் துண்டையாவது குடேன்."