நீலக் கதவுக்கு ஒரு ஹாரன்

திண்டுக்கல்லில் எத்தனையோ ஆட்டோ ஓடுகிறது. ஏறினால் போகவேண்டிய இடத்தில் கொண்டுபோய் விடும். அர்த்தம் அண்ணன் ஆட்டோ மட்டும், வழியில் உள்ள காக்கா, கழுதை, கரண்டுக் கம்பம் எல்லாத்துக்கும் அர்த்தம் சொல்லிவிட்டுத்தான் விடும். அவருடைய சொந்தப் பேர் அவர் வீட்டம்மாவுக்கே மறந்துபோயிருக்கும் என்பது என் நம்பிக்கை.

வினையெல்லாம் ஒரு கதைப் புத்தகத்தால் வந்தது. சவாரி வந்த யாரோ பின் சீட்டில் விட்டுப்போன தலையணை கனத்துக்கு ஒரு நாவல். நாம் இருக்கிற பட்டணத்துக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு பட்டணம் ஒளிந்திருக்கிறதாம். நீலக் கதவு எங்கே இருக்கோ அங்கேதான் அதற்கு வாசல். காக்கா அதற்குக் காவல். வெயிலிலும் குடையை மடக்கியே ஒருத்தர் வைத்திருந்தால், மனசுக்குள் ஒரு துக்கத்தை மடக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஸ்டாண்டில் சும்மா இருந்த நேரமெல்லாம் அதைப் படித்துப் படித்து, அண்ணனுக்கு எங்கள் ஏரியா நாகல் நகர் முழுக்க வாசலாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

நீலக் கதவைக் கண்டால் வண்டி மெதுவாகும். உள்ளே இருப்பவர்கள் திடுக்கிடக் கூடாதென்று, பூனை தும்முகிற மாதிரி ஒரு ஹாரன். எங்கள் தெருத் தண்ணி கேன் கடைக்கு ஷட்டர் நீலம். ஹாரன் கேட்டதும் கடைக்காரர் தோளில் கேனோடு ஓடி வருவார், பாவம்.

“எத்தனை கேன்ணே?”

“ஒன்னயக் கூப்பிடலப்பு. உள்ள இருக்கவங்களுக்கு ஒரு மரியாத.”

“உள்ள என்னத் தவிர எவன்ணே இருக்கான்?”

“அதான் ஒனக்குத் தெரியல!”

நானும் சண்டை போட்டிருக்கிறேன். “வேலுக்கு அர்த்தம் இருக்குண்ணே, மயிலுக்கு இருக்கு. கதைப் புத்தகத்துக் கொடைக்கு என்னண்ணே அர்த்தம்?”

“எழுதுனவரு சும்மாவா வப்பாரு தங்கச்சி?” என்று ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுவார்.

என் மகள் செல்விக்கு நர்சிங் படிப்பில் கடைசி வருஷம் பாக்கி இருந்தபோது கன்னிவாடியிலிருந்து நல்ல சம்பந்தம் வந்தது. படிப்பை நிறுத்திவிட்டு உடனே கல்யாணம் என்றார்கள். வீட்டுக்காரருக்குப் பிடித்துவிட்டது. செல்வியைக் கேட்டால், “ஒன் இஷ்டம்மா” என்று சுவரைப் பார்த்தாள். சரி, அம்மன் சொல்லட்டும் என்று அவளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் ஆட்டோவில் பூக்கட்டிப் பார்க்கப் போனேன். ஒரு இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சன்னதியில் வைத்து ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் தட்டு மாற்றலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

நான் நெய்விளக்கு வாங்கப் போனதால், பூவைக் கட்டிவரச் சொல்லி அண்ணனை அனுப்பினேன். “தாயே, என் பிள்ளைக்கு வழி காட்டு” என்று உருகிக் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தேன். சிவப்பு. மனசு கேட்கவில்லை. மற்றதையும் பிரித்தேன். அதுவும் சிவப்பு!

“என்னண்ணே இது?”

பால் சட்டியில் மாட்டின பூனை மாதிரி விழித்தார் அண்ணன். “நாந்தான் தங்கச்சி. கத்திரி வெயிலு மண்டையப் பொளக்குது. பிள்ள கொடைய விரிக்காம மடக்கியே பிடிச்சுக்கிட்டு வருது. தெனமும் காலேசுக்குக் கூட்டிப் போறப்ப கண்ணாடில பாக்குறேன். அது மனசுல என்னமோ இருக்கு. அதுகிட்டயே செத்த கேளு.”

திட்ட வாயெடுத்தேன். அதற்குள் செல்வி தேம்ப ஆரம்பித்துவிட்டாள். “ஒரு வருஷந்தாம்மா. படிப்ப முடிச்சிடுறேன். பெறகு நீ சொன்னபடி கேக்குறேன்.”

அவளைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்தபடி அவள் சொன்னாள்: “ஆனா மாமா, அந்தக் கொடை விரியாது. கம்பி ஒடஞ்சிருக்கு.”

அண்ணன் அசரவே இல்லை. “கம்பி ஏன் ஒடஞ்சுச்சு? எழுதுனவரு சும்மாவா ஒடப்பாரு?”

சன்னதி என்றும் பார்க்காமல் சிரித்தோம். பூசாரி மணியை ஆட்டி அதட்டினார்.

அம்மன் முன்னால் கள்ளப் பூ வைத்தது தப்புதான். அதற்கு அண்ணனையே விளக்குப் போட வைத்தேன். வீட்டுக்காரரிடம் சிவப்பு வந்தது என்று மட்டும் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே!

செல்வி இப்போது நர்ஸ். அண்ணன் ஆட்டோவை விற்றுவிட்டு நத்தத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். இந்தத் தெருவில் அப்படி ஒரு மனுசரை எழுதி வைத்த அம்மன் சும்மாவா வைத்திருப்பாள்?

போன பொங்கலுக்கு எங்கள் வாசல் கதவுக்கு நீலம் அடித்தேன். ஊருக்கு வரும்போது அண்ணன் காலிங் பெல்லைத் தொடுவதில்லை. வெளியே நின்று வாயாலேயே, பூனை தும்முகிற மாதிரி, ஒரு ஹாரன். அடுப்பில் இருப்பது அடிப்பிடித்தாலும் சரி என்று ஓடுவேன்.

“உள்ள ஆளு இருக்கோம்ணே, வாங்க!”